மோட்டார் பாய்ப்படகு: கரையோரத்துக்கும் ஆற்றுக்கும் ஏற்ற சிறு படகைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் பாய்ப்படகு என்பது பாயையும் எஞ்சினையும் ஏறத்தாழச் சம அளவில் நம்பி ஓடும் படகு. சாதாரணப் பாய்ப்படகில் எஞ்சின் துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியேறவும் மட்டுமே பயன்படும். விசைப்படகில் பாயே இருக்காது. மோட்டார் பாய்ப்படகு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காற்று சாதகமாக இருந்தால் பாயை விரித்து எஞ்சினை நிறுத்திவிடலாம். காற்று எதிராக வந்தாலோ ஓய்ந்தாலோ எஞ்சினில் போகலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது பாய் படகின் ஆட்டத்தைக் குறைக்கும், டீசல் செலவும் இறங்கும்.

இந்த ஏற்பாடு தமிழர்களுக்குப் புதியதன்று. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற தூத்துக்குடித் தோணிகள் பாயில் மட்டுமே ஓடியவை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றுக்கு எஞ்சின் பொருத்தப்பட்டது. அரசு ஆவணங்களில் அவை ‘எம்.எஸ்.வி.’, அதாவது இயந்திரம் பூட்டிய பாய்க்கலம் என்ற பெயரிலேயே இடம்பெறுகின்றன. இக்கட்டுரை பேசுவது அவ்வளவு பெரிய கலங்களைப் பற்றியன்று. 7 முதல் 9 மீட்டர் நீளத்தில், இரண்டு முதல் நான்கு பேர் சில நாட்கள் தங்கிப் பயணம் செய்யக்கூடிய, உள்ளே ஓரளவு இடவசதி உள்ள படகுகளைப் பற்றியது. குறிப்பாக, சென்னைக்குத் தெற்கே உள்ள கரையில் அப்படிப்பட்ட படகை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி.

படகு விற்பவர்களின் விளம்பரத்தில் முதலில் வருவது படுக்கைகளின் எண்ணிக்கை. இந்தக் கரையில் முதலில் பார்க்க வேண்டியது மூழ்காழம், அதாவது படகின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது. அறை வசதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னையிலிருந்து புதுச்சேரி வரை

ஏன் மூழ்காழம் முதலில் வருகிறது என்பதை வரைபடம் சொல்லிவிடும். சென்னைத் துறைமுகத்திலிருந்து புதுச்சேரி கடல்வழியே சுமார் 70 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் (5 நாட்) போகும் சிறு படகுக்கு இது 14 மணி நேரப் பயணம். பகல் வெளிச்சத்துக்குள் முடியாது. விடியுமுன் கிளம்ப வேண்டும் அல்லது இருட்டியபின் போய்ச் சேர வேண்டும்.

இடையில் ஒதுங்க எங்கே இடம்? முட்டுக்காட்டில் உப்பங்கழி இருக்கிறது. ஆனால் அது கடலோடு சேரும் முகத்துவாரம் ஆழமற்றது, மணல் அடிக்கடி அதை மூடிவிடும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றி வைக்கிறார்கள். கட்டி நிறுத்தத் துறைமுகம் கிடையாது. அடுத்து கல்பாக்கம். அணுமின் நிலையத்தை ஒட்டிய கடற்பகுதியை விட்டு விலகிப் போவதே முறை. அதற்குத் தெற்கே பாலாறு கடலில் சேரும் வாயலூர் முகத்துவாரம். வெள்ளக்காலம் தவிர மற்ற நாட்களில் அங்கே பெரும்பாலும் மணல்திட்டுதான். மரக்காணம் பக்கம் கழிவெளி உண்டு, உப்பளங்கள் உண்டு, ஆழமான வாய் இல்லை. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்றின் வாயில் அலைத்தடுப்புச் சுவர்கள் உள்ளன. அங்கேயும் மணல் சேர்ந்துகொண்டே இருப்பதால் தூர் வாரிய பிறகுதான் நம்பி நுழைய முடியும்.

ஒன்றரை மீட்டர் ஆழம் கேட்கும் அடிக்கட்டை கொண்ட படகுக்கு, இந்த 70 மைலில் உள்ளே புகுந்து தங்க இடமே இல்லை என்று கொள்ளலாம். அரை மீட்டரில் மிதக்கும் படகுக்கு, கடல் அமைதியாக உள்ள மாதங்களில், ஓரிரு இடங்கள் கிடைக்கும். ‘கடல் அமைதியாக’ என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. அடி தட்டையாக இருப்பதால் அலை உடையும் முகத்துவாரத்தைத் தாண்டிவிடலாம் என்பது தவறான எண்ணம். மணல்திட்டின்மேல் அலை உடைகிறதென்றால் அங்கே எந்தச் சிறு படகுக்கும் வேலையில்லை. பின்னாலிருந்து வரும் அலை படகைக் குறுக்காகத் திருப்பிப் போட்டுவிடும். அப்போது மூழ்காழம் குறைவாக இருப்பது உதவாது. அத்தகைய நாளில் கரையிலிருந்து விலகி, அலை உடையாத 10 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு, இரவு முழுக்க ஆடிக்கொண்டு கிடப்பது அலுப்பானது. ஆனாலும் அதுவே பாதுகாப்பு.

இந்தக் கரையின் இயல்பை நன்கு ஆராய்ந்து படகு வடிவமைத்த முயற்சி ஒன்று உண்டு. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கட்டுமரம் போலக் கரையேறவும் வேண்டும், எஞ்சினும் வேண்டும் என்பது அதன் முன் இருந்த கணக்கு. கண்ணாடியிழைப் படகு, சிறிய டீசல் எஞ்சின், கரையை நெருங்கும்போது புரொப்பல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு என்று விடை கண்டார்கள். பாயும் சோதிக்கப்பட்டது. இன்று நீலாங்கரை முதல் கடலூர் வரை கரையில் வரிசையாக நிற்கும் ‘பைபர்’ படகுகளில் நீண்ட தண்டுள்ள எஞ்சினை மீனவர் ஒரு கையால் தூக்குவதைப் பார்த்தால், அந்தக் கணக்கின் முக்கியம் புரியும். உல்லாசப் படகு வாங்குபவரும் அதே கடலில்தான் ஓட்டப் போகிறார்.

அடிப்பகுதியின் வகைகள்

காற்றைப் பக்கவாட்டில் வாங்கிப் போகும் படகு ஓரமாக வழுக்கிக்கொண்டே போகும். அதைத் தடுக்க நீருக்குள் ஒரு செங்குத்துத் தகடு தேவை. அதை எப்படி அமைப்பது என்பதில்தான் படகுகள் வேறுபடுகின்றன.

நீண்ட நிலையான அடிக்கட்டை பழைய வழி. மீனவர் மொழியில் ‘ஏரா’. இங்கிலாந்தின் பிஷர் 25 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: நீளம் 7.7 மீ., அகலம் 2.8 மீ., எடை நாலரை டன் அளவில், மூழ்காழம் 1.1 மீட்டருக்குச் சற்று மேல். வடகடலின் மீன்பிடிப் படகைப் பார்த்துச் செய்தது; கனத்தது, நம்பகமானது. புரொப்பல்லர் ஏராவின் பின்னே ஒளிந்திருப்பதால் வலை சிக்கும் வாய்ப்பு குறைவு. இரவில் விளக்கில்லாத மிதவைகளோடு வலைகள் விரிந்து கிடக்கும் நம் கடலில் இது சிறு நன்மையன்று. ஆனால் 1.1 மீட்டர் ஆழம் நம் கழிகளுக்கு அதிகம்.

இரட்டை அடிக்கட்டை இரண்டாவது வழி. நீர் வற்றும்போது படகு இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும். ஐரோப்பிய நூல்கள் ஆழமற்ற கரைக்கு இதைத்தான் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரையை அப்படியே இங்கு எடுத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனின் பல கரைகளில் ஏற்றவற்ற வேறுபாடு 4, 5 மீட்டர். படகு சேற்றில் உட்கார்ந்தாலும் ஆறு மணி நேரத்தில் நீர் வந்து தூக்கிவிடும். சென்னைக் கரையில் பெரிய ஏற்றத்தின்போதும் வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். உச்ச ஏற்றத்தில் மணலேறிய படகை அடுத்த ஏற்றம் மிதக்கவிடும் என்று உறுதியில்லை. அதற்குள் அலை அதை மணலில் அடித்து அடித்துப் பாதி உடைத்துவிடலாம். நிமிர்ந்து நிற்கும் திறனுக்காக இங்கே கூடுதல் விலை கொடுப்பது வீண் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்றாவது, மேலே தூக்கிக்கொள்ளும் நடுப்பலகை. கடலில் இறக்கிவிடலாம், கழியில் தூக்கிவிடலாம். தரை தட்டினால் பலகை முதலில் தட்டி எச்சரிக்கும், தூக்கிவிட்டுத் திரும்பலாம். அறையின் நடுவே பலகைக்கான பெட்டி இடத்தை அடைக்கும் என்பதும், அதற்குள் மணலும் சிப்பியும் சேர்ந்து இறுகிவிடும் என்பதும் குறைகள். இருந்தாலும் சோழமண்டலக் கரைக்கு ஏற்றது இதுவே. நம் முன்னோர் கண்ட விடையும் இதன் உறவுதான். பாக் விரிகுடாவில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து வத்தைகள் தட்டை அடியும், மூன்று வரை பாய்மரங்களும் கொண்டவை. வழுக்கலைத் தடுக்கப் பக்கவாட்டில் பலகைகளை இறக்குவார்கள், சாய்வைத் தடுக்கக் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் போய் உட்காருவார்கள். கட்டுமரத்திலும் மரங்களுக்கிடையே பலகை செருகும் வழக்கம் உண்டு.

இரட்டை உடல் படகுகளும் ஆழம் குறைந்தவை, இடம் மிகுந்தவை. உலகெங்கும் அவற்றுக்குக் ‘கட்டமரன்’ என்று நம் சொல்லே பெயர். வேடிக்கை என்னவென்றால் நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே மிதவைதான் அது. இவ்வகைப் படகின் அகலம் 4 மீட்டரைத் தாண்டுவதால் கட்டி வைக்க இடம் கிடைப்பதும் சாலையில் கொண்டுபோவதும் கடினம்.

இடவசதிக்குக் கொடுக்கும் விலை

‘விசாலம்’ என்பது மூன்று இடங்களிலிருந்து வருகிறது: அகலம், உயரம், முன்பக்கத்தின் பருமன். மூன்றுமே படகின் ஓட்டத்திலிருந்து எடுத்துக்கொள்பவை. ஏழரை மீட்டர் படகுக்குள் ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அறையின் கூரை உயர வேண்டும்; உயர்ந்த கூரை காற்றைப் பிடிக்கும். அணியம் (முன்பக்கம்) பருத்திருந்தால் உள்ளே பெரிய படுக்கை போடலாம். எதிர் அலையில் படகு முட்டி முட்டி நிற்கும். நம் கரையில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசும்போது தெற்கே போக முயலும் பருத்த படகு, பாயில் மட்டும் முன்னேறாது. எஞ்சினைப் போட்டே ஆக வேண்டும். அதை அறிந்து வாங்குபவருக்கு ஏமாற்றம் இல்லை.

வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீரை இடித்து ஒதுக்கிப் போகும் படகின் உச்ச வேகம், நீர்மட்ட நீளத்தின் (மீட்டர்) வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் கிடைக்கும் நாட் அளவு. நீர்மட்ட நீளம் 6.5 மீ. என்றால் 6.2 நாட். எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் கனத்த படகு இதற்குமேல் அதிகம் போகாது, டீசல்தான் போகும். 4 டன் படகை 5 நாட் வேகத்தில் ஓட்டச் சுமார் 10 குதிரைத்திறன் போதும். மணிக்கு இரண்டரை லிட்டர் என்று கொண்டால் புதுச்சேரிப் பயணத்துக்கு 35 லிட்டர். எதிர்க் காற்றுக்கும் வழி மாற்றத்துக்கும் மேலும் பாதியாவது சேர்த்து 50 லிட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய மோட்டார் பாய்ப்படகின் அடையாளம் கண்ணாடி சூழ்ந்த ஓட்டுநர் அறை. மழையும் குளிரும் உள்ள நாட்டில் அது சொர்க்கம். ஏப்ரல் மாதச் செங்கல்பட்டுக் கரையில் அது அடுப்பு. இங்கே தேவை நிழலும் காற்றோட்டமும்: பின்தளத்துக்குமேல் நிலையான கூரை, திறக்கக்கூடிய முன்கண்ணாடி, அறையின் முன்னும் பின்னும் காற்று நுழையும் திறப்பு, கொசுவலை. மூடிய அறையில் நான்கு படுக்கை இருப்பதைவிட, நிழல் உள்ள தளத்தில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்க முடிவது இந்த வெயிலில் பெரிய வசதி. குடிநீருக்கான தொட்டியையும் பார்க்க வேண்டும். வெயிலில் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளுக்கு 4 லிட்டராவது வேண்டும்.

உயரமும் கூட்டமும் சேர்ந்தால் ஆபத்து. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்களும், உயிர்காப்பு மேலாடை இல்லாததும் அங்கே பேசப்பட்ட காரணங்கள். ஒரு படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பது அதில் எத்தனை பேர் உட்கார இடமிருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. சிறு மீன்பிடிப் படகுகளுக்குச் சொல்லப்படும் எளிய சோதனை ஒன்று உண்டு. அமைதியான நீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, படகைப் பக்கவாட்டில் ஆட்டிவிடுங்கள். ஒருபுறம் சாய்ந்து மறுபுறம் போய் மீண்டும் அதே இடத்துக்கு வர ஆகும் விநாடிகளை எண்ணுங்கள். அந்த எண், படகின் அகலத்தை மீட்டரில் சொல்லும் எண்ணைவிட மிகக் கூடாது. இரண்டரை மீட்டர் அகலமுள்ள படகு நான்கு விநாடி எடுத்து மெதுவாக ஆடினால், அந்த மென்மையை வசதி என்று எண்ணிவிடக் கூடாது. நிமிர்ந்து எழும் பலம் அதற்குக் குறைவு.

சாலையில் கொண்டுபோகும் படகு

உத்திரமேரூர் போன்ற உள்நாட்டு ஊரில் இருப்பவர்க்கு இன்னொரு கேள்வி எழும். ஊருக்கு அருகிலேயே செய்யாறு ஓடுகிறது. திருமுக்கூடலில் அது பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கடலுக்குப் போகிறது. ஆற்றிலேயே இறங்கிப் போய்விட முடியாதா? முடியாது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் கண்ணில் படும். நீர் வரும் வடகிழக்குப் பருவமழை நாட்களிலோ அது வெள்ளம், படகோட்டும் நீரன்று. நேர்க்கோட்டில் 45 கி.மீ. தொலைவில் உள்ள கடலுக்குப் படகு சாலை வழியேதான் போக வேண்டும்.

ஆகவே இழுவண்டியில் ஏற்றக்கூடிய படகு என்ற வகை இங்கே பொருந்துகிறது. அகலம் இரண்டரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்; பாய்மரத்தை இருவர் சேர்ந்து சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் மக்ரெகர் 26 வகைப் படகு இதற்குப் பேர்போனது. நீளம் 7.9 மீ., நடுப்பலகையைத் தூக்கினால் கால் மீட்டர் நீரிலேயே மிதக்கும், வெற்று உடல் சுமார் 1.1 டன். அடிபாரத்துக்குப் பதிலாகத் தொட்டியில் நீர் நிரப்புவார்கள். கரையேறியதும் அந்த நீரை வடித்துவிட்டு இலேசாக இழுத்துப் போகலாம். தொட்டி நிரம்பாமல் பாய் விரிப்பது இவ்வகைப் படகில் கொடிய தவறு. பெரிய கடலுக்கு இது ஏற்றதன்று. கழிக்கும், நல்ல காலநிலையில் கரையோரத்துக்கும் போதும். ஆண்டு முழுவதும் நீரில் கிடக்காததால் அடியில் சிப்பி பிடிப்பதும் இல்லை, துறைமுக வாடகையும் இல்லை.

பாய்மரத்தைச் சாய்க்கும் வசதி ஆற்றிலும் கால்வாயிலும் கட்டாயம். பக்கிங்காம் கால்வாயில் ஒருகாலத்தில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் ஓடின. 2008இல் அது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று அதன் தாழ்ந்த பாலங்களும் தூர்ந்த பகுதிகளும் நெடும்பயணத்துக்கு இடம் தருவதில்லை; முட்டுக்காட்டுக் கழி போன்ற துண்டுகளே மிஞ்சுகின்றன. கேரளத்தில் கொல்லம் முதல் கோட்டப்புறம் வரையான 168 கி.மீ. மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993இல் தேசிய நீர்வழி 3 ஆனது. அமைதியான ஆற்றுப் பயணத்துக்கு அதுவே நல்ல இடம். எங்கே போனாலும் கால்வாயைக் கடக்கும் மின்கம்பிகளைக் கவனிக்க வேண்டும். அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டால் படகிலுள்ளவர் பிழைப்பது அரிது. ஐயமாக இருந்தால் மரத்தைச் சாய்த்துவிட்டு எஞ்சினில் போவதே சரி.

பாம்பனில் நிலைமை வேறு. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீ. நீளம், செங்குத்தாக 17 மீட்டர் உயரும். முன்னதாகத் துறைமுக அலுவலகத்தில் பதிந்து முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

எஞ்சின், பருவம், பதிவு

எஞ்சினைப் பொறுத்தவரை குதிரைத்திறனைவிட முக்கியமானது, காசிமேட்டிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள மெக்கானிக்குக் கை பழகிய எஞ்சினா என்பதுதான். வெளிநாட்டு எஞ்சினுக்கு ஒரு நீர் பம்பு உறை வரவழைக்க மூன்று வாரம் காத்திருக்கும்போது இது புரியும். கழிநீரில் சேறும் மணலும் மிகுதி. அந்த நீரை உறிஞ்சிக் குளிரவைக்கும் எஞ்சின் விரைவில் அடைத்துக்கொள்ளும். அடிக்கு வெளியே குழாய் ஓடி, மூடிய சுற்றில் குளிரும் அமைப்பு மேல். அவுட்போர்டு எஞ்சினில் தூக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் பெட்ரோல் செலவு அதிகம், அலையில் படகின் பின்பக்கம் எழும்போது புரொப்பல்லர் காற்றில் சுழலும்.

புதிய படகுக்குப் பணமில்லாதவர் பலர் 28, 30 அடி பைபர் மீன்பிடிப் படகின் உடலை வாங்கி, அறை கட்டி, சிறு பாய் போடலாமா என்று கேட்பார்கள். செலவு குறைவான வழிதான். ஆனால் அந்த உடல் மீனையும் வலையையும் அடியில் சுமக்கச் செய்தது. மேலே அறையும் பாய்மரமும் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். படகு வடிவமைப்பாளர் ஒருவர் சமநிலையைக் கணக்கிட்டுச் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பாய் சிறிதாக, மரம் குட்டையாக இருப்பது நல்லது.

பயணத்துக்கு ஏற்ற மாதங்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயலும். அக்காலத்தில் கடல் நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடும். பிப்ரவரிக்குப் பின் அது வடக்கே திரும்புவதால், சென்னையிலிருந்து தெற்கே போகும் படகு நீரோட்டத்தை எதிர்த்தே போகிறது என்பதை 14 மணி நேரக் கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலையில் நிலக்காற்று, பிற்பகலில் கடற்காற்று. சென்னைப் பக்கம் சமாளிக்கலாம், பாக் நீரிணையில் தென்மேற்குக் காற்று கடுமையாக இருக்கும்.

உள்நாட்டு நீரில் ஓடும் எஞ்சின் படகுகள் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021இன்படி பதிவு பெற வேண்டும். கடலுக்குப் போவதற்கான அனுமதியும் ஆவணங்களும் தனி. படகு வாங்கும் முன்பே அருகிலுள்ள துறைமுக அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே இறங்கக் கூடாது. பாக் விரிகுடாவில் இலங்கையுடனான எல்லைக்கோட்டை ஜி.பி.எஸ். கருவியில் முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும். கடலில் ஆபத்து நேர்ந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் எண் 1093. கரையிலிருந்து சில மைல் தாண்டினால் கைப்பேசி எடுக்காது, அதனால் வி.எச்.எப். வானொலி ஒன்று படகில் இருக்க வேண்டும். அதன் 16ஆம் அலைவரிசையில்தான் உதவி கேட்க வேண்டும்.